நடுவில் நிற்கும் உலோகம்

சன்னல் கண்ணாடிக்கு இரண்டு பக்கம் உண்டு. கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, விரலால் தடவினாலும் தெரியாது. இருட்டறையில் குறு அலைநீளப் புற ஊதா விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் பால் படிந்த மாதிரி மங்கலாக ஒளிரும். கண்ணாடி உருவான நேரத்தில் உருகிய வெள்ளீயத்தின்மேல், அதாவது டின் உலோகத்தின்மேல், படிந்திருந்த பக்கம் அது. அப்போது கண்ணாடிக்குள் ஏறிய கொஞ்சம் வெள்ளீய அணுக்கள் அங்கேயே தங்கிவிட்டன. கண்ணாடிக்குப் பூச்சு போடுகிறவர்கள் ‘டின் பக்கம்’ எது என்று பார்த்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவார்கள்.

என் பிழைப்பு சர்க்யூட் போர்டுகளோடு. பழுதான போர்டைப் பிரித்து, கெட்டுப்போன பாகத்தை எடுத்து, புதியதை வைத்துப் பற்றவைப்பது வேலை. அதனால் வெள்ளீயம் தினமும் கையில் படுகிறது. இத்தனை காலப் பழக்கத்தில் அதைப் பற்றி எனக்கென்று ஓர் எண்ணம் படிந்திருக்கிறது. வெள்ளீயம் தனியாக நின்று சாதித்தது குறைவு. இரண்டு பொருள்களுக்கு நடுவில் நின்று, அந்த இரண்டையும் வேலை செய்யவைப்பதுதான் அதன் பெருமை. செம்புக்குள் கலந்து, இரும்பின்மேல் படிந்து, கண்ணாடியின் அடியில் கிடந்து, சிப்புக்கும் போர்டுக்கும் இடையில் உறைந்து, தன் பெயர் வெளியே தெரியாமல் ஐயாயிரம் ஆண்டுகளாக உழைத்துவருகிறது. இரும்புக்கும் பொன்னுக்கும் கிடைத்த கவனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

கண்ணாடியையே எடுத்துக்கொள்வோம். 1950-களுக்கு முன்னால் தரமான தட்டைக் கண்ணாடி வேண்டும் என்றால், வார்த்த பிறகு இரண்டு பக்கமும் தேய்த்து மெருகேற்ற வேண்டும். நேரம், உழைப்பு, சேதாரம் எல்லாமே அதிகம். இங்கிலாந்தில் அலஸ்டர் பில்கிங்டன் வேறு வழியில் யோசித்தார். உருகிய உலோகத்தின்மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டால், திரவத்தின் மேற்பரப்பு எவ்வளவு சமமோ அவ்வளவு சமமாகக் கண்ணாடியும் வரும் அல்லவா? ஏழாண்டு பாடுபட்டு 1959-இல் அந்த முறையை அவர்கள் உலகுக்கு அறிவித்தார்கள். ஆனால் எந்த உலோகத்தின்மேல் மிதக்கவிடுவது? கண்ணாடி ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸில் உள்ளே வந்து, 600 டிகிரியில் இறுகி வெளியே போகிறது. 600 டிகிரியிலும் அந்த உலோகம் திரவமாக இருக்க வேண்டும், 1,000 டிகிரியிலும் ஆவியாகிக் கண்ணாடியைக் கெடுக்கக் கூடாது. கண்ணாடியைவிடக் கனமாக இருக்க வேண்டும், அதில் ஒட்டவும் கூடாது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகுகிறது, கொதிப்பதோ 2,600 டிகிரிக்கு அருகில். கேலியம், இண்டியம் போன்றவையும் ஓரளவு இந்தக் கணக்குக்குப் பொருந்தும் என்றாலும், ஒரு குளம் நிறைய அவற்றை வாங்கி ஊற்ற யாருக்குக் கட்டுப்படியாகும்? வெள்ளீயம் காற்றுப்பட்டு ஆக்சைடாகிவிடாமல் இருக்க, மேலே நைட்ரஜனும் சிறிது ஹைட்ரஜனும் கலந்த வாயுவை நிரப்பிவைக்கிறார்கள். இன்றைய தட்டைக் கண்ணாடியில் மிகப் பெரும்பகுதி இப்படித்தான் வருகிறது.

தனிம அட்டவணையிலும் அதற்கு நடு இடம்தான். கார்பன், சிலிக்கான், ஜெர்மானியம், வெள்ளீயம், காரீயம் என்று ஒரே பத்தியில் ஐந்தும் வரிசையாக நிற்கின்றன. மேலே இருப்பவை உலோகம் அல்லாதவை, இல்லையேல் குறைகடத்திகள். கீழே இருக்கும் காரீயம் முழு உலோகம். வெள்ளீயம் எல்லையில் நிற்பதால் இரண்டு குணமும் அதற்குள் இருக்கிறது. சாதாரண வெப்பநிலையில் வெள்ளி நிறம், மென்மை, நன்றாக மின்சாரம் கடத்தும் உலோகத் தன்மை. 13.2 டிகிரிக்குக் கீழே போனால் அதன் அணுக்களுக்கு வைரத்தின் கட்டமைப்பே நிலையானது. அப்படி மாறிவிட்டால் அது சாம்பல் நிறத் தூளாக உதிரும். கன அளவு ஏறத்தாழ 27 சதவீதம் பெருக்கிறது, உலோகத் தன்மையும் போய்விடுகிறது. மாறிய ஒரு துகள் பக்கத்தில் இருப்பதையும் மாற்றிவிடும் என்பதால் பழைய ஐரோப்பியர்கள் இதை ஒரு நோய் என்றே நினைத்தார்கள். குளிர்நாட்டுத் தேவாலயங்களில் வெள்ளீயம் கலந்த ஆர்கன் இசைக்கருவிக் குழாய்கள் கொப்புளம் வெடித்து உதிர்ந்திருக்கின்றன.

நெப்போலியனின் படைவீரர்கள் ரஷ்யக் குளிரில் சட்டைப் பொத்தான்கள் தூளாகித் தவித்தார்கள் என்ற கதையை வெள்ளீயம் பற்றிய கட்டுரை ஒவ்வொன்றிலும் பார்க்கலாம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. இந்த மாற்றம் மிக மெதுவானது, தொடங்கவே மாதக் கணக்கில் ஆகலாம். கொஞ்சம் ஆன்டிமணியோ பிஸ்மத்தோ கலந்திருந்தால் நடக்கவே நடக்காது. ஒரு பெரும்படை அழிந்ததற்குப் பசியும் டைபஸ் காய்ச்சலும் குளிரும் போதும், பொத்தான்மேல் பழி போட வேண்டியதில்லை.

பென்சில் தடிமனில் சுத்தமான வெள்ளீயக் கட்டி ஒன்று கிடைத்தால் காதருகில் வைத்து மெல்ல வளைத்துப் பாருங்கள். முறுமுறுவென்று உள்ளிருந்து ஒரு சத்தம் வரும். உடைகிற சத்தம் என்று முதலில் பதறத் தோன்றும், ஆனால் எதுவும் உடையாது. வளைக்கும்போது உள்ளே இருக்கும் படிகங்கள் ஒரு தளத்தை எல்லையாக வைத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பம் போலத் திடீரென்று திசை மாறிக்கொள்கின்றன. ஒவ்வொரு மாற்றத்திலும் வெளியேறும் ஆற்றல்தான் நம் காதுக்கு ஒலியாக வருகிறது. அதே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் சத்தம் குறைந்துகொண்டே போகும். வேறு உலோகம் கலந்த கட்டி இவ்வளவு தெளிவாகக் கத்தாது. அதனால் சுத்தம் பார்க்க இதை ஒரு சோதனையாகவே வைத்திருந்தார்கள்.

அணுவுக்குள்ளும் ஒரு விசேஷம் உண்டு. நிலையான ஐசோடோப்புகள் (நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் மாறும் அணு வகைகள்) அதிகம் கொண்ட தனிமம் எது என்றால் வெள்ளீயம்தான், மொத்தம் பத்து. அதன் கருவில் 50 புரோட்டான்கள். 2, 8, 20, 28, 50, 82 என்று சில எண்ணிக்கைகளில் அணுக்கரு தனி உறுதி பெறுகிறது. கருவுக்குள் துகள்கள் அடுக்கடுக்கான கூடுகளில் நிற்கின்றன என்று சொல்லி அதை விளக்கும் கூடு மாதிரியை 1949-இல் மரியா கெப்பர்ட் மேயரும், தனியே ஹான்ஸ் யென்சனும் அவருடைய கூட்டாளிகளும் முன்வைத்தார்கள். மேயர் தன் வாதத்துக்கு எடுத்துவைத்த சான்றுகளில் வெள்ளீயத்தின் ஐசோடோப்புகளும் உண்டு. இருவருக்கும் 1963-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி வெண்கலம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

செம்பு மென்மையான உலோகம். அதன் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதாக வழுக்கும், அதனால்தான் அடித்தால் வளைகிறது. பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் கலந்தால் செம்பைவிடப் பெரிய வெள்ளீய அணுக்கள் அந்த அடுக்குகளுக்குள் புகுந்து, வழுக்கலைத் தடுக்கின்றன. கலவை கடினமாகிறது, தீட்டினால் கூர் நிற்கிறது. அதோடு இன்னொரு லாபம்: உருகும் வெப்பம் குறைகிறது, குழம்பு அச்சின் மூலைமுடுக்கு வரை ஓடி நிரம்புகிறது. செம்பும் மென்மை, வெள்ளீயம் அதைவிட மென்மை, இரண்டும் சேர்ந்தால் கடினம். இதை முதலில் கண்டவர் யாராக இருந்தாலும் அவர் மனம் எப்படித் துள்ளியிருக்கும்! அதற்கு முன்னால் ஆர்சனிக் கலந்த செம்புதான் அந்த இடத்தில் இருந்தது. ஆர்சனிக் புகை உலைக்காரரை மெல்ல மெல்லக் கொல்லும், வெள்ளீயத்துக்கு அந்தக் கொடுமை இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. செம்புத் தாது பல ஊர்களில் கிடைக்கிறது. வெள்ளீயத் தாதுவான காசிட்டரைட் அபூர்வம், அதுவும் பெரும்பாலும் செம்பு கிடைக்காத இடங்களில். பூமியின் மேலோட்டில் பத்து லட்சத்தில் இரண்டு பங்குதான் வெள்ளீயம், செம்போ அதைப்போல் இருபது முப்பது மடங்கு. ஆகவே வெண்கலம் வேண்டும் என்று ஆசைப்பட்ட எந்த நாடும், தான் நேரில் பார்த்திராத தூர தேசத்து மனிதர்களை நம்பியாக வேண்டியிருந்தது. வெண்கலக் காலத்தை வாள்களின் காலமாகவே வரலாற்றுப் பாடங்கள் காட்டுகின்றன. எனக்கு அது நெடுந்தூர வியாபாரத்தின் காலமாகத்தான் படுகிறது.

அதற்கு எழுத்துச் சான்று உண்டு. இன்றைய துருக்கியின் நடுவில் குல்தெபே என்ற மேடு இருக்கிறது, பண்டைய பெயர் கனேஷ். அங்கே இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட களிமண் பலகைகள் கிடைத்தன. பெரும்பகுதி கி.மு. 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அரசர்களின் புகழ்மாலை தேடினால் அதிகம் கிடைக்காது. இன்றைய இராக்கில் இருந்த அசூர் நகரத்து வியாபாரிகள் எழுதிய கடிதங்கள், கடன் சீட்டுகள், கணக்குகள், வீட்டில் நெசவு பார்த்துக்கொண்ட மனைவியரின் மனத்தாங்கல்கள் என்று குடும்ப வியாபாரத்தின் முழு வாழ்க்கையும் அதில் இருக்கிறது. கிழக்கிலிருந்து அசூருக்கு வந்த வெள்ளீயத்தையும், துணிகளையும் கழுதைகள்மேல் ஏற்றி ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் நடந்து கனேஷுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு கழுதைக்கு 65 கிலோ வெள்ளீயம் என்பது வழக்கமான சுமை. விற்ற பணம் வெள்ளியாகத் திரும்பியது. வழியில் வரி, கள்ளக்கடத்தல், பங்காளிச் சண்டை எல்லாம் உண்டு. நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு கணக்குப் பிள்ளையின் கவலையை நாம் இன்று படிக்க முடிவதற்கு அந்தக் கழுதைகள் சுமந்த வெள்ளீயமும் ஒரு காரணம்.

அடுத்த சான்று கடலடியில். துருக்கியின் தெற்குக் கரையில் உலுபுருன் என்ற முனைக்கருகே 1982-இல் கடற்பஞ்சு எடுக்க மூழ்கியவர் ஒருவர், காது முளைத்த உலோக பிஸ்கட்டுகள் கிடப்பதாக வந்து சொன்னார். 1984-இலிருந்து 1994 வரை ஜார்ஜ் பாஸ், ஜெமால் புலாக் தலைமையில் அங்கே அகழாய்வு நடந்தது. கி.மு. 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மூழ்கிய கப்பல் அது. அதில் ஏறத்தாழ 10 டன் செம்பும் 1 டன் வெள்ளீயமும் இருந்தன. பத்துக்கு ஒன்று, அப்படியே வெண்கலத்துக்கான விகிதம். கப்பலில் சரக்கேற்றியவர்களுக்கு உலைக்கூடத்தின் கணக்கு தெரிந்திருக்கிறது. இந்த ஒரு விவரம் என்னை ஒவ்வொரு முறையும் அசைத்துவிடுகிறது.

இதற்கு ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்குப் பிறகு, கிரேக்கர்களுக்கு வெள்ளீயம் வருகிற ‘காசிட்டெரிடெஸ்’ தீவுகளைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் வெளிப்படையாக எழுதினார். பொருள் கைக்கு வந்துகொண்டே இருந்தது, எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் தெரியவில்லை.

வெள்ளீயத்தின் பங்கை 20 சதவீதத்துக்கு மேல் கூட்டினால் கலவை எளிதில் உடையும், ஆனால் தட்டினால் நெடுநேரம் ஒலிக்கும். பெரிய மணிகள் வார்ப்பது இந்தக் கலவையில்தான். மூன்றில் ஒரு பங்கு வரை கூட்டினால் வெள்ளையாக, மெருகேற்றினால் முகம் தெரிகிற ‘ஸ்பெக்குலம்’ ஆகும். நியூட்டன் 1668-இல் செய்த பிரதிபலிப்புத் தொலைநோக்கியின் ஆடி இந்த வகை உலோகத்தில் ஆனது. 1845-இல் அயர்லாந்தின் பர் ஊரில் லார்ட் ராஸ் நிறுவிய தொலைநோக்கிக்கு 72 அங்குல விட்டத்தில், ஏறத்தாழ 3 டன் எடையில் ஸ்பெக்குலம் ஆடி. ஈரக் காற்றில் அது மங்கிப்போகும் என்பதால் இரண்டு ஆடிகள் வைத்திருந்தார், ஒன்று மேலே வேலை செய்யும்போது மற்றது மெருகுக்குப் போகும். வந்த ஒளியில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் அது திருப்பித் தந்தது. அப்படியிருந்தும் எம்51 என்ற வான்பொருளின் சுருள் வடிவத்தை மனிதக் கண் முதலில் பார்த்தது அந்த ஆடி வழியாகத்தான்.

தகர டப்பாவின் கதை பலருக்கும் தெரிந்தது. 1810-இல் பீட்டர் டுராண்ட் லண்டனில் காப்புரிமை வாங்கினார், 1813-இல் பிரையன் டோன்கினும் ஜான் ஹாலும் பிரிட்டிஷ் படைகளுக்கு அடைத்த உணவு அனுப்பத் தொடங்கினார்கள். டப்பா திறக்கும் கருவி வர மேலும் நாற்பது ஆண்டு ஆயிற்று, அதுவரை உளியும் சுத்தியலும்தான். நான் சொல்ல நினைப்பது அதில் இருக்கும் வேதியியலை. டப்பா முழுக்க எஃகு, வெள்ளீயம் மேலே பூச்சு மட்டுமே. இன்று அந்தப் பூச்சின் தடிமன் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவு. வெளிப்பக்கம் கீறல் விழுந்தால் காற்றும் ஈரமும் பட்டு இரும்புதான் முதலில் அரிக்கும், வெள்ளீயத்தால் அதைக் காப்பாற்ற முடியாது. உள்ளே, காற்றில்லாத இடத்தில், பழ அமிலம் போன்றவற்றின் நடுவே நிலைமை தலைகீழ். அந்த அமிலங்கள் கரைந்த வெள்ளீய அயனிகளைக் கட்டிப்போடுவதால், எது முதலில் கரையும் என்ற மின்வேதி வரிசையே புரண்டுவிடுகிறது. வெள்ளீயம் தான் கரைந்து இரும்பைக் காக்கிறது. ஒரே பூச்சு, டப்பாவுக்கு வெளியே ஒரு குணம், உள்ளே இன்னொரு குணம். சில பழ டப்பாக்களில் உள்ளே அரக்குப் பூசாமல் வெள்ளீயத்தை அப்படியே விடுவது இதனால்தான்.

உலோகமாக இருக்கும்வரை வெள்ளீயம் சாது. கார்பன் சங்கிலிகளோடு பிணைத்தால் அதே தனிமம் விஷமாகும். கப்பல் அடிப்பாகத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் இருக்க டிரைபியூட்டைல்டின் கலந்த பெயின்டை அடித்தார்கள். பிரான்சின் ஆர்க்காஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பே நொடிந்தது, ஓடுகள் கோணல்மாணலாகத் தடித்தன. சில கடல் நத்தைகளில் பெண்ணுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. 1982-இல் பிரான்ஸ் சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்தது. உலகளாவிய ஒப்பந்தம் 2001-இல் கையெழுத்தாகி 2008-இல்தான் நடைமுறைக்கு வந்தது. கேடு கண்ணுக்குத் தெரிந்த பிறகும் கால் நூற்றாண்டு இழுத்தடித்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

என் மேசைக்கு வருகிறேன். இன்று வெட்டி எடுக்கும் வெள்ளீயத்தில் ஏறத்தாழ பாதி, பற்றவைக்கும் உலோகக் கலவையான சால்டருக்குப் போகிறது. பாகத்தின் காலையும் செம்புத் தடத்தையும் சால்டரிங் அயர்ன் முனையால் சூடாக்கி, சால்டர் கம்பியைத் தொட்டால், உலோகப் பரப்பைச் சுத்தம் செய்யும் ஃபிளக்ஸ் முதலில் கொதித்துப் புகையும். உருண்டை ஒன்று தயங்கி நிற்கும். பிறகு சட்டென்று அது படிந்து, தடத்தின் ஓரம் வரை ஓடி, காலைச் சுற்றி மேலேறிக் குழிந்த சரிவாக உட்காரும். அந்த ஓட்டம் வரவில்லை என்றால் இணைப்பு சேரவில்லை என்று பொருள், அதன்மேல் எவ்வளவு சால்டர் கொட்டினாலும் பயனில்லை. நடப்பது வெறும் ஒட்டல் கிடையாது. வெள்ளீயமும் செம்பும் சில நொடிகளில் வினைபுரிந்து, ஆறு செம்புக்கு ஐந்து வெள்ளீயம் என்ற விகிதத்தில் ஒரு சேர்மத்தின் மெல்லிய படலத்தை இடையில் உண்டாக்குகின்றன. இணைப்பின் உறுதியே அந்தப் படலம்தான். சூடு அதிக நேரம் நின்றால் படலம் தடித்து இணைப்பு நொறுங்கும் தன்மை பெறும், அதனால் கை வேகமாக எடுபட வேண்டும்.

முன்பெல்லாம் 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம் கொண்ட கம்பிதான் எங்கும். 183 டிகிரியில் ஒரேயடியாக உருகி, உறையும்போது பளபளவென்று நிற்கும். 2006 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் பெரும்பாலான மின்னணுப் பொருள்களில் காரீயத்தைத் தடை செய்தது. இப்போது வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5 என்ற கலவை பரவலாகிவிட்டது. அது 217 டிகிரிக்கு மேல்தான் உருகும், இணைப்பும் மங்கலாகத்தான் தெரியும். காரீயம் போனது நல்லதே, குப்பை மேட்டில் போர்டுகளைப் பிரிக்கிறவர்களை நினைத்தால் அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு பழைய தொல்லை திரும்பி வந்தது. சுத்த வெள்ளீயப் பூச்சிலிருந்து மாதங்கள், ஆண்டுகள் கழித்து, ஒரு மைக்ரான் அளவு தடிமனில் மீசை போல இழைகள் தானாகவே முளைக்கும். மில்லிமீட்டர் கணக்கில் நீண்டு பக்கத்துக் காலைத் தொட்டால் ஷார்ட்தான். காரீயம் கொஞ்சம் கலந்தால் இது அடங்கும் என்று பல பத்தாண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தார்கள். 1998-இல் காலக்ஸி 4 செயற்கைக்கோள் செயலிழந்து அமெரிக்காவில் கோடிக்கணக்கான பேஜர்கள் ஊமையானதற்கு இந்த மீசைதான் காரணம் என்று முடிவு செய்தார்கள். பூதக்கண்ணாடியில் இதைப் பார்ப்பதும் எளிதல்ல. விளக்கைச் சரித்துப் பிடித்து மெல்ல அசைத்தால் ஒரு கோடு மின்னி மறையும், அவ்வளவுதான்.

சிப்புகளை இணைக்கும் உலோகம் இப்போது சிப்புகளை வரையவும் வந்துவிட்டது. மிக நுண்ணிய சிப்புகளுக்கு 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளி தேவை. நெதர்லாந்தின் ஏ.எஸ்.எம்.எல். நிறுவனம் செய்யும் இயந்திரங்களில் உருகிய வெள்ளீயத்தைத் தலைமுடியைவிட மெல்லிய துளிகளாக, நொடிக்கு 50,000 என்ற வேகத்தில் வெற்றிடத்தில் எய்கிறார்கள். ஒவ்வொரு துளியையும் லேசர் இரண்டு முறை அடிக்கிறது. முதல் அடியில் துளி தட்டையாகிறது. இரண்டாம் அடியில் 2 லட்சம் டிகிரிக்கும் மேல் சூடேறிப் பிளாஸ்மாவாகி, தேவையான ஒளியை உமிழ்கிறது. ஆடிகளில் படியும் வெள்ளீயத்தோடு ஹைட்ரஜன் வினைபுரிந்து, அதை ஒரு வாயுவாக மாற்றித் துடைக்கிறது. பல எலெக்ட்ரான்களை இழந்த வெள்ளீய அயனிகள் சரியாக அந்த அலைநீளத்தைச் சுற்றிக் கற்றையாக ஒளி தருவதால்தான் இந்த உலோகத்தைத் தேர்ந்தார்கள்.

இவ்வளவு வேலைக்கும் உலகம் ஆண்டுக்கு வெட்டியெடுப்பது ஏறத்தாழ 3 லட்சம் டன். செம்பு 2 கோடி டன்னைத் தாண்டும். அளவு சிறியது, அதன் சுமை சிறியதல்ல. காசிட்டரைட் மணலைவிட இரண்டரை மடங்கு கனம் என்பதால் ஆற்றுப்படுகையிலும் கடற்கரையிலும் படிந்து கிடக்கும், மண்வெட்டியும் தண்ணீரும் இருந்தால் யாரும் அரித்தெடுக்கலாம். ஏழைகள் இறங்குவதும் இதனால்தான், கரை சரிந்து அவர்கள் புதைவதும் இதனால்தான். இந்தோனேசியாவின் பங்கா தீவில் தோண்டிவிட்ட பள்ளங்கள் குளங்களாகக் கிடக்கின்றன, கடலடியையும் உறிஞ்சி எடுக்கிறார்கள். கிழக்குக் காங்கோவில் ஆயுதக் குழுக்கள் சுரங்கங்களைப் பிடித்துவைத்துக்கொண்டதால், 2010-இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் ஒன்று நிறுவனங்களிடம் வெள்ளீயம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தொடங்கியது. 1985 அக்டோபரில் விலையைத் தாங்கிப்பிடித்திருந்த சர்வதேச வெள்ளீயக் கவுன்சில் பணமின்றிச் சாய்ந்தபோது விலை பாதாளத்துக்குப் போயிற்று. மலேசியாவில் சுரங்கம் சுரங்கமாக மூடினார்கள், பொலிவியாவில் அரசுச் சுரங்கத் தொழிலாளர்கள் 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள்.

திரும்பப் பெற முடியும் என்பதுதான் இதில் எனக்கு இருக்கும் தெம்பு. தகரக் கழிவைச் சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் போட்டு, மின்சாரம் பாய்ச்சி வெள்ளீயத்தைத் தனியே பிரிப்பது நூறாண்டுக்கும் மேல் பழகிய தொழில்நுட்பம். சால்டரில் போனதுதான் கடினம், ஒவ்வொரு போர்டிலும் கிராம் கணக்கில் சிதறிக் கிடக்கிறது. நான் அயர்ன் முனையைத் துடைக்கும்போது உதிரும் மணிகளையும், உறிஞ்சுகுழலில் அடைபட்ட தூளையும், சால்டரை உறிஞ்சும் செம்புப் பின்னலில் ஏறிய மிச்சத்தையும் ஒரு டப்பாவில் சேர்க்கிறேன், காரீயம் கலந்ததும் கலக்காததும் தனித்தனியாக. நிறைந்ததும் உருக்காலைக்கு அனுப்புகிற மறுசுழற்சிக்காரரிடம் கொடுத்துவிடுவேன். சால்டர் பிடிக்கிற கை உங்களுக்கும் இருந்தால், கழிவைக் குப்பைக்கூடையில் தட்டாதீர்கள். இரண்டு டப்பா எடுத்து மேலே பெயர் எழுதிவைத்துவிடுங்கள்.